ஹெச்டிக்குப் பணம் கட்டியும் படம் மங்கலா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன பொங்கலுக்குத் திருநெல்வேலியில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் 43 அங்குல டிவி. "ஃபுல் ஹெச்டினு சொல்லித்தான் குடுத்தாங்க. ஒன்றரை வருஷமா ஹெச்டி பேக்கேஜுக்கும் பணம் கட்டுறேன். பழைய டிவி மாதிரியேதான் மங்கலா இருக்கு, நீ கொஞ்சம் பாரேன்" என்றார் சித்தி.

டிவியை லேசாக முன்னால் இழுத்துப் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று முனை கொண்ட ஏவி ஒயர்தான் டிவிக்கு வந்துகொண்டிருந்தது. அந்த மஞ்சள் ஒயரில் ஹெச்டி படம் வரவே வராது. பாக்ஸோடு வந்த ஹெச்டிஎம்ஐ ஒயர், உறைகூடப் பிரிக்காமல் அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அதைச் செருகி, ரிமோட்டில் சோர்ஸை மாற்றி, சேனலையும் அதன் ஹெச்டி எண்ணுக்குக் கொண்டுபோனதும் செய்தி வாசிப்பவரின் புடவைக் கரையில் இருந்த ஜரிகை தனித்தனியாகத் தெரிந்தது. சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து பார்த்தார்.

ஒன்றரை வருஷப் பணம் போனது ஒரு ஒயரால். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அதற்கப்புறம் எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் முதலில் டிவியின் பின்பக்கத்தைப் பார்த்துவிடுகிறேன்.

சாதாரண எஸ்டி படத்தில் அகலவாக்கில் 720 புள்ளிகள், உயரவாக்கில் 576 வரிகள். ஹெச்டியில் 1920க்கு 1080. பெருக்கிப் பார்த்தால் சரியாக ஐந்து மடங்கு. இந்த ஐந்து மடங்கும் நம் கண்ணுக்கு வர, சேனல், பாக்ஸ், ஒயர், திரை நான்கும் ஹெச்டியாக இருந்தாக வேண்டும். ஒன்று சறுக்கினாலும் பார்ப்பது எஸ்டிதான். பெரும்பாலான வீடுகளில் திரைக்கு மட்டும் பணத்தைக் கொட்டிவிட்டு மற்ற மூன்றையும் மறந்துவிடுகிறார்கள்.

ஹெச்டிஎம்ஐ ஒயர் போட்டதோடும் வேலை முடிவதில்லை. பாக்ஸின் மெனுவில் வீடியோ செட்டிங் என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் 576 என்று இருந்தால், நல்ல ஒயரிலும் சாதாரணப் படம்தான் போகும். அதை '1080i' என்று மாற்றிவிடுங்கள்.

அடுத்தது சேனல் எண். ஒரே சேனலுக்கு எஸ்டி ஒரு எண்ணிலும் ஹெச்டி வேறொரு எண்ணிலும் இருக்கும். கை பழகிய எண்ணையே அழுத்தும். ஹெச்டிக்குப் பணம் கட்டிவிட்டு நாள் முழுக்க எஸ்டியையே பார்க்கிற வீடுகள் நிறைய. ரிமோட்டில் ஃபேவரிட் பட்டியல் இருந்தால் ஹெச்டி எண்களை மட்டும் அதில் போட்டு, வீட்டுப் பெரியவர்களுக்கும் காட்டிக்கொடுத்துவிடுங்கள்.

பணம் வீணாவது இன்னொரு வழியிலும் நடக்கிறது. எஸ்டி தொகுப்பை வாங்கிவிட்டு, அதிலேயே இருக்கும் சேனலின் ஹெச்டியைத் தனியாகச் சேர்ப்பார்கள். ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு கட்டணம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிகள், ஒரே சேனலின் எஸ்டியும் ஹெச்டியும் ஒரே தொகுப்பில் இருக்கக் கூடாது என்கின்றன. ஆனால் நாமே தனித்தனியாகச் சேர்த்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். அதே விதிகளில், நெட்வொர்க் கட்டணத்தை, அதாவது சேனல் விலை போக இணைப்புக்காக வாங்கும் தொகையை, கணக்கிடும்போது ஒரு ஹெச்டி சேனலை இரண்டு எஸ்டி சேனலாக எண்ணினார்கள். அடுத்த ரீசார்ஜுக்கு முன்னால் பட்டியலை ஒருமுறை வரிவரியாகப் படித்து, இரட்டையாக இருப்பதில் எஸ்டியை நீக்கிவிடுங்கள்.

பெரிய டிவி வாங்கினால் படம் தானாகத் தெளிவாகும் என்ற நம்பிக்கையும் தவறு. ஹெச்டியைவிடவும் அதிகப் புள்ளிகள் உள்ள 4கே டிவியில் எஸ்டி சேனல் போட்டால், அதே 720 புள்ளிகளை இழுத்து இழுத்துத்தான் திரையை நிரப்ப வேண்டும். 32 அங்குலத்தில் தெரியாத குறை 55 அங்குலத்தில் பட்டவர்த்தனமாகத் தெரியும். 'ஹெச்டி ரெடி' என்று விற்கும் டிவிகளில் பெரும்பாலும் 1366க்கு 768 புள்ளிகள். சின்ன அறைக்கு, 32 அங்குலத்துக்கு அது போதும். அதற்காக வருத்தப்பட வேண்டாம்.

ஹெச்டி சேனலில் வருவதெல்லாம் ஹெச்டி என்றும் இல்லை. சன் டிவியின் ஹெச்டி ஒளிபரப்பு தொடங்கியது 2011இல். அதற்கு முந்தைய தொடர்களில் பல, எஸ்டி வீடியோ டேப்பில் எடுக்கப்பட்டவை. மறுஒளிபரப்பில் அவற்றைப் பெரிதாக்கிக் காட்டலாமே தவிர, இல்லாத நுணுக்கத்தை வரவழைக்க முடியாது. ஆனால் அதைவிடப் பழைய சினிமாக்கள் ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. நெகட்டிவ் நல்ல நிலையில் இருந்து புதிதாக ஸ்கேன் செய்தால் கறுப்பு வெள்ளைப் படம்கூடப் பளிச்சென்று இருக்கும். எனவே ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு டிவி சரியில்லை என்று முடிவு கட்டாதீர்கள். நேரடி விளையாட்டோ, ஸ்டுடியோ செய்தியோ ஓடும்போது பாருங்கள்.

இனி தரைவழி ஒளிபரப்பு. இதில்தான் ஏமாற்றம் அதிகம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஒரு சின்ன ஆன்டெனாவை ஜன்னலில் ஒட்டி, மாதக் கட்டணமே இல்லாமல் ஹெச்டி சேனல்கள் பார்க்கிறார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கேயும் 'ஹெச்டி ஆன்டெனா' வாங்குகிறார்கள். அங்கே உள்ளூர்ச் சேனல்கள் தரைக் கோபுரங்களிலிருந்தே ஹெச்டியில் ஒளிபரப்பாகின்றன. இந்தியாவில் தரைவழியாக ஒளிபரப்புவது தூர்தர்ஷன் மட்டுமே. தனியார் சேனல்களுக்கு அந்த வழி இல்லை. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி தொடங்கிய காலத்தில் மொட்டைமாடியில் மீன்முள் மாதிரி நின்ற ஆன்டெனா பிடித்தது பழைய அனலாக் அலையை. அந்த அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும், எல்லைப்புறம் போன்ற முக்கிய இடங்கள் சிலவற்றைத் தவிர, 2022 மார்ச்சுக்குள் மூடுவதாக, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி அறிவித்தது. 2016இல் சென்னை உட்பட 16 நகரங்களில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு வந்தது. அதிலும் தூர்தர்ஷனின் சில சேனல்கள்தான், அவையும் எஸ்டியில். கடையில் கிடைக்கும் ஆன்டெனாவின் அட்டையில் ஹெச்டி என்று எழுதியிருப்பதை நம்பி சன், விஜய் வரும் என்று காத்திருக்காதீர்கள்.

மாதக் கட்டணம் இல்லாமல் பார்க்க நினைத்தால் இங்கே வழி வானத்தில் இருக்கிறது: தூர்தர்ஷனின் இலவச டிடிஹெச்சான டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் தொடங்கியது. இதிலும் ஒரு பொதுவான தவறு உண்டு. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய எம்பெக்-2 பாக்ஸை வாங்கிவிடுகிறார்கள். எம்பெக் என்பது படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை; தூர்தர்ஷனின் ஹெச்டி சேனல்கள் புதிய எம்பெக்-4 முறையில் வருகின்றன. பழைய பாக்ஸ் அவற்றைக் காட்டவே காட்டாது. வாங்கும்போது எம்பெக்-4 என்று கேட்டு வாங்குங்கள். கட்டணச் சேனல்கள் எந்தப் பாக்ஸ் வாங்கினாலும் இதில் வராது.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஒன்று. உலகக் கோப்பை இறுதியாட்டம் போன்ற முக்கியப் போட்டிகளைத் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதை நம்பி தனியார் டிடிஹெச்சில் டிடி ஸ்போர்ட்ஸைத் திறந்தால் ஆட்டம் இருக்காது. அப்படிப் பகிரப்படும் ஒளிபரப்பு தூர்தர்ஷனின் தரைவழியிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும்தான் போகலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஒரே சேனல், ஒரே பெயர்; எந்த வழியாக வருகிறது என்பதுதான் வித்தியாசம்.

கடைசியாக மாடியில் இருக்கும் டிஷ். பாக்ஸ் மெனுவில் சிக்னல் என்ற பக்கத்தைத் திறந்தால் ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று இரண்டு கோடுகள் இருக்கும். ஸ்ட்ரெங்த் நிறைந்திருப்பதைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். குவாலிட்டி குறைந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். ஃப்ரீ டிஷ் வரும் செயற்கைக்கோளான ஜிசாட்-15, 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. சென்னையிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், ஏறக்குறைய 68 டிகிரி உயரத்தில். அந்தத் திசையில் தென்னை வளர்ந்து மட்டை குறுக்கே வந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு அறைக்கு இரண்டு பாக்ஸ் வேண்டுமென்றால் ஒரே ஒயரைச் சாதாரண ஸ்ப்ளிட்டர் போட்டுப் பிரிக்காதீர்கள். ஒரு பாக்ஸில் சேனல் மாற்றினால் மற்றதில் சில சேனல்கள் போய்விடும். டிஷ்ஷின் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் கருவியான எல்என்பியை இரண்டு அவுட்புட் உள்ளதாகப் போட்டு, பாக்ஸுக்கொரு ஒயர் இழுப்பதுதான் சரி.

மார்ச் மாதத்திலும், செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரத்திலும், வெயில் அடிக்கும் பகலில் சில நிமிடங்கள் படம் நின்றுபோகலாம். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும் நேரம் அது, தானாகச் சரியாகிவிடும். அப்போது பதறி மாடிக்குப் போய் டிஷ்ஷைத் திருப்பிவிட்டால், சூரியன் நகர்ந்த பிறகும் படம் வராது.