டிஸ்னி டைம்ஷேர்: ரீசேலா, நேரடியா?

டிஸ்னி வெக்கேஷன் கிளப், சுருக்கமாக டிவிசி, 1991-ல் ஃப்ளோரிடாவில் தொடங்கிய டைம்ஷேர், அதாவது விடுமுறை ரிசார்ட்டில் ஆண்டுதோறும் தங்கும் உரிமையைப் பலர் பங்கிட்டு வாங்கும் திட்டம். உள்ளே நுழைய இரண்டு வழி. டிஸ்னியிடமே பாயின்ட் வாங்கலாம்; பாயின்ட் என்பது ஆண்டுதோறும் கணக்கில் வந்து விழும், அறைக்குப் பணம்போலச் செலவழிக்கும் அலகு. சில நாட்களிலேயே அறை பதிவு செய்ய ஆரம்பித்துவிடலாம். இல்லையென்றால், ஏற்கெனவே வைத்திருப்பவர் விற்பதை புரோக்கர் மூலம் ரீசேலில் வாங்கலாம். விலை பெரும்பாலும் கணிசமாகக் குறையும், ஆனால் பாயின்ட் கைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகிவிடும். அந்த விலைக் குறைவு இலவசமாகக் கிடைப்பதல்ல. காத்திருப்பதற்கும், சந்தையில் இருப்பதற்குள் தேர்ந்தெடுப்பதற்கும், சில சலுகைகளை விட்டுக்கொடுப்பதற்கும் கிடைக்கிற கூலி அது. அந்தக் கூலி கட்டுப்படியாகிறதா என்பதுதான் கேள்வி.

ரீசேலில் எது கிடைக்காது

2011 மார்ச்சுக்குப் பிறகு ரீசேலில் வாங்கிய பாயின்ட்டை டிஸ்னி கப்பல் பயணத்துக்குப் பயன்படுத்த முடியாது. 2016 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கியவர்களுக்கு உறுப்பினர் தள்ளுபடிகளும் உறுப்பினர் ஓய்வறையும் இல்லை. இந்த இரண்டும் பெரிய இழப்பு என்று சொல்ல மாட்டோம். கப்பலுக்குப் பாயின்ட் கொடுப்பது பொதுவாகவே நஷ்டக் கணக்கு. தள்ளுபடியோ, ஆண்டு நுழைவுச்சீட்டு வாங்குகிறவர்களுக்குத்தான் காசாகத் தெரியும்.

கவனிக்க வேண்டியது 2019 ஜனவரி 19-ல் வந்த மாற்றம். அதன்பிறகு பழைய 14 ரிசார்ட்டுகளில் ஒன்றை ரீசேலில் வாங்கினால், அந்த 14-க்குள் எங்கும் தங்கலாம். பின்னால் வந்த ரிவியேரா, டிஸ்னிலேண்ட் ஹோட்டல் வில்லாக்கள், ஃபோர்ட் வில்டர்னஸ் கேபின்கள் ஆகியவற்றில் தங்க முடியாது. இந்தப் புதியவற்றில் ஒன்றை ரீசேலில் வாங்கினால் அந்த ஒரே இடத்தில்தான் தங்கலாம். நேரடியாக ரிவியேரா வாங்குகிறவர்களுக்கும் இது சம்பந்தப்பட்டதுதான். உங்களுக்கு எல்லா ரிசார்ட்டும் திறந்திருக்கும். நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்குகிறவருக்கு ரிவியேரா மட்டும்தான். விற்கும் விலை அதற்கேற்ப இறங்கும்.

விலைப்பட்டியலை நம்பாமல் ஆண்டுக் கணக்கு போடுங்கள்

டிவிசி நிரந்தரச் சொத்து அல்ல. ஒவ்வொரு ரிசார்ட்டுக்கும் முடிவு ஆண்டு உண்டு. பீச் கிளப், போர்ட்வாக், போல்டர் ரிட்ஜ் ஆகியவை 2042-ல் முடிகின்றன. சரடோகா ஸ்பிரிங்ஸ் 2054, அனிமல் கிங்டம் 2057, பாலினேசியன் 2066, காப்பர் கிரீக் 2068, ரிவியேரா 2070. ஆகவே ஒரு பாயின்ட்டின் விலையை மீதமுள்ள ஆண்டுகளால் வகுத்தால்தான் உண்மை விலை தெரியும்.

கணக்குக்காகச் சில விலைகளை வைத்துக்கொள்வோம். 2026-ல் 150 பாயின்ட் வாங்குகிறீர்கள். சரடோகா ரீசேல், பாயின்ட் 100 டாலர், பத்திரப் பதிவுச் செலவு 700: மொத்தம் 15,700. மீதி 28 ஆண்டு. ஒரு பாயின்ட்டுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.74 டாலர். பீச் கிளப் ரீசேல், பாயின்ட் 110, அதே பதிவுச் செலவு: 17,200. மீதி 16 ஆண்டுதான், 7.17 டாலர். ரிவியேரா நேரடி, பாயின்ட் 230 என்றால் 34,500, 44 ஆண்டு, 5.23 டாலர். பீச் கிளப் ரீசேல் பாதி விலையில் கிடைப்பதுபோலத் தெரிந்தாலும், ஆண்டுக் கணக்கில் நேரடி வாங்கலைவிடக் கூடுதல். அதற்காக ரிவியேராதான் லாபம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்: கையிலிருந்து இன்றைக்குப் போவது இரண்டு மடங்கு பணம், 40 ஆண்டு கழித்து அந்த அறையில் யார் தங்கப்போகிறார்கள் என்பதும் தெரியாது.

இதன்மேல் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் இருக்கிறது. நேரடியோ ரீசேலோ, ஒரே ரிசார்ட்டுக்கு ஒரே கட்டணம். ஆண்டுதோறும் பொதுவாக ஏறும். வீரோ பீச் என்ற டிவிசி ரிசார்ட் ரீசேலில் மலிவாகக் கிடைப்பதற்கு அங்கே இந்தக் கட்டணம் அதிகமாக இருப்பது ஒரு முக்கியக் காரணம்.

யூஸ் இயர்: பலரும் கோட்டைவிடும் இடம்

ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் பாயின்ட் புதிதாக வந்து விழும் மாதம் ஒன்று உண்டு. அதுதான் யூஸ் இயர். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், ஜூன், ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், டிசம்பர் என்று எட்டு மாதங்கள்தான். பயன்படுத்தாத பாயின்ட்டை யூஸ் இயரின் முதல் எட்டு மாதத்துக்குள் அடுத்த ஆண்டுக்கு பேங்க் செய்யலாம், அதாவது தள்ளி வைக்கலாம். ஒருமுறை பேங்க் செய்ததை மறுபடி தள்ள முடியாது. வழக்கமாகப் பயணம் போகும் மாதத்துக்குச் சற்று முன்னால் தொடங்கும் யூஸ் இயர் நல்லது. பயணம் ரத்தானாலும் பேங்க் செய்ய அவகாசம் இருக்கும்.

ரீசேல் விளம்பரத்தில் இது எப்படிக் கடிக்கும் என்று பாருங்கள். ஜூன் யூஸ் இயர், 150 பாயின்ட் ஒப்பந்தம், "இப்போது 300 பாயின்ட் கிடைக்கும்" என்று போட்டிருக்கிறது. நீங்கள் 2027 ஜனவரியில் விலை பேசுகிறீர்கள். அந்த 300-ல் 150, 2025-லிருந்து பேங்க் ஆகி வந்தவை. 2027 மே 31-ஓடு செத்துவிடும். மீதி 150, 2026-ன் பாயின்ட். அவற்றை பேங்க் செய்யக் கடைசி நாள் 2027 ஜனவரி 31. பத்திரம் உங்கள் பெயருக்கு மாற மார்ச் கடைசி ஆகும் என்று வைத்துக்கொண்டால், பேங்க் தேதி அதற்கு முன்பே போயிருக்கும். 300 பாயின்ட்டையும் இரண்டு மாதத்துக்குள் தங்கித் தீர்க்க வேண்டும். "விற்பவர் 2026 பாயின்ட்டை ஜனவரி 31-க்குள் பேங்க் செய்து தருவார்" என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால் அதில் பாதி பிழைக்கும். புரோக்கர் வாய்மொழியாகச் சொல்வது போதாது.

இதற்கு நேரெதிர், உறிஞ்சிய ஒப்பந்தம்: இந்த ஆண்டுப் பாயின்ட் தீர்ந்து, அடுத்த ஆண்டுடையதையும் விற்பவர் முன்கூட்டியே எடுத்திருப்பார். விலையைக் குறைத்துக் கேட்க ஒரு வழி: ஒரு பாயின்ட்டை வாடகைக்கு எடுத்தால் 20 டாலர், பராமரிப்புக் கட்டணம் 9 என்று வைத்தால், இல்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் பாயின்ட்டுக்கு 11 டாலர் கழித்துக் கேளுங்கள். வராத பாயின்ட்டுக்குப் பராமரிப்புக் கட்டணத்தை உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள்.

ரீசேல் நடைமுறை

தேடும் முன் நான்கு விஷயங்களை எழுதி வையுங்கள்: ஹோம் ரிசார்ட் (உங்கள் பாயின்ட் சேர்ந்திருக்கும் சொந்த ரிசார்ட்), யூஸ் இயர், பாயின்ட் எண்ணிக்கை, அதிகபட்ச விலை. நான்கையும் இறுக்கிப் பிடித்தால் ஆண்டு முழுவதும் தேட வேண்டியதுதான். ஹோம் ரிசார்ட்டில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சொந்த ரிசார்ட்டில் 11 மாதம் முன்பே பதிவு செய்யலாம், மற்றவற்றில் 7 மாதம் முன்புதான். கூட்டம் மொய்க்கும் வாரங்களில் அந்த 4 மாத இடைவெளியிலேயே அறைகள் தீர்ந்துவிடும்.

விலை படிந்ததும் இருவரும் கையெழுத்திட்டு, வழக்கமாகப் பத்து சதவீத முன்பணம் எஸ்க்ரோ கணக்குக்கு (விற்பனை முடியும்வரை மூன்றாமவர் பிடித்து வைக்கும் கணக்கு) போகும். புரோக்கர் கமிஷன் விற்பவருடையது. உங்களிடம் முன்கூட்டியே கட்டணம் கேட்பவரிடமிருந்து விலகுங்கள். அடுத்து ஒப்பந்தம் டிஸ்னிக்குப் போகும். அதே விலைக்கு, அதே நிபந்தனையில், டிஸ்னியே வாங்கிக்கொள்ளும் முதல் உரிமை அவர்களுக்கு உண்டு. முடிவு சொல்ல 30 நாள். எடுத்துக்கொண்டால் முன்பணம் திரும்பிவிடும், போன வாரங்கள் திரும்பாது. சந்தை விலையைவிட மிகக் குறைத்துப் பேசினால் இந்த ஆபத்து கூடும். அதற்குப் பயந்து தேவைக்கு மேல் விலையை ஏற்றவும் வேண்டாம். பறிபோனால் இன்னொன்று வரும்.

டிஸ்னி விட்டுக்கொடுத்ததும் பத்திர மாற்றத்தை நடத்தும் டைட்டில் கம்பெனி எஸ்டாபல் என்ற சான்று வாங்கும். பாயின்ட் இருப்பு, கட்டணப் பாக்கி, கடன் எல்லாம் அதில் இருக்கும். விளம்பரத்தில் இருந்த எண்ணோடு ஒவ்வொரு வரியையும் ஒப்பிடுங்கள். விற்பவர் ஏதாவது பதிவைப் பயண நாளுக்கு 30 நாளுக்குள் ரத்து செய்திருந்தால் அந்தப் பாயின்ட் ஹோல்டிங் கணக்கில் கிடக்கும். 60 நாளுக்குள் வரும் தங்கலுக்கு மட்டுமே உதவும், பேங்கும் ஆகாது.

தாமதம் பெரும்பாலும் விற்பவர் கையெழுத்தில்தான். விவாகரத்தானவர்கள், இறந்தவரின் வாரிசுகள், நோட்டரி கிடைக்காமல் திண்டாடும் வெளிநாட்டுக்காரர்கள், அவர்களுக்கான வரிப் பிடித்தக் காகிதங்கள். விற்பவர் எங்கே இருக்கிறார், பத்திரத்தில் எத்தனை பெயர், அவர் பதிவு செய்து வைத்த பயணம் பாக்கி இருக்கிறதா என்று விலை பேசும்போதே கேளுங்கள். மீதிப் பணத்தை அனுப்பும் முன், மின்னஞ்சலில் வந்த வங்கி விவரத்தை நீங்களாகத் தேடி எடுத்த எண்ணில் கூப்பிட்டு உறுதிசெய்யுங்கள்.

எப்போது நேரடி நல்லது

இன்னும் சில மாதங்களில் போகும் பயணத்துக்குப் பாயின்ட் வேண்டும் என்றால் ரீசேல் ஒத்துவராது. டிசம்பர் விடுமுறைக்கு 11 மாதச் சாளரம் அதே ஆண்டு ஜனவரியில் திறக்கிறது. அதற்குள் கணக்கு தயாராக வேண்டுமானால் அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பர், அக்டோபரிலேயே விலை படிந்திருக்க வேண்டும். புதிய ரிசார்ட்டையே ஹோம் ரிசார்ட்டாக்கி, மற்ற இடங்களிலும் தங்க ஆசைப்படுகிறவர்களுக்கும் நேரடிதான். சின்ன ஒப்பந்தத்திலும் இதை யோசிக்கலாம்: 50 பாயின்ட்டுக்கு 700 டாலர் பதிவுச் செலவு என்றால் பாயின்ட்டுக்கு 14 டாலர் கூடுகிறது. நேரடியில் ரத்து செய்ய ஃப்ளோரிடா சட்டப்படி 10 நாள் உண்டு. விற்பனையாளர் முன்னால் கையெழுத்திட்டுவிட்டாலும் அந்த நாட்களில் மேலே சொன்ன வகுத்தல் கணக்கை நிதானமாகப் போட்டுப் பாருங்கள்.

இரண்டையும் கலப்பவர்களும் உண்டு: சலுகைகளுக்குத் தேவையான குறைந்தபட்சத்தை நேரடியாக வாங்கி, மீதியை ரீசேலில் சேர்ப்பார்கள். அந்தக் குறைந்தபட்சத்தை டிஸ்னி பலமுறை உயர்த்தியிருக்கிறது. வாங்கும் அன்று கேட்டுக்கொள்ளுங்கள். இப்படிச் செய்வதாக இருந்தால் ரீசேலை முதலில் முடியுங்கள். ரீசேலில் யூஸ் இயர் கிடைத்ததுதான். நேரடியில் அதற்குப் பொருந்துவதைக் கேட்டு வாங்க வாய்ப்பு அதிகம். இரு பத்திரத்திலும் பெயர்கள் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் இனிஷியல், மற்றதில் முழுப்பெயர் என்றோ, யூஸ் இயர் வேறு வேறாகவோ இருந்தால் இரண்டு தனித்தனி உறுப்பினர் கணக்காகிவிடும். ஒரே அறைக்கு இரண்டு கணக்கின் பாயின்ட்டையும் சேர்ப்பது பெரிய தலைவலி.