மின்சாரத்தில் விரியும் சிலிக்கோன் படலம்: என் கைப்பக்குவம்

சிலிக்கோன் படலத்தின் இருபுறமும் கார்பன் கிரீஸ் தடவி, சில ஆயிரம் வோல்ட் கொடுத்தால் படலம் நசுங்கிப் பக்கவாட்டில் விரியும். விரிவு போதாவிட்டால் பலரும் சிலிக்கோனில் கலக்க, மின்புலத்தின் விளைவைக் கூட்டும் பீங்கான் தூளான பேரியம் டைட்டனேட்டைத்தான் தேடுவார்கள். நானும் தேடினேன். தூள் கட்டி கட்டியாக நின்று, அங்கேயே மின்சாரம் ஓட்டை போட்டது. படலமும் விறைத்துவிட்டது.

முதலில் படலத்தை மெல்லியதாக்குங்கள். அழுத்தம் மின்புலத்தின் (வோல்ட்டைத் தடிமனால் வகுத்த அளவு) இருமடிக்கு ஏற்பக் கூடும். தடிமன் பாதியானால் அதே வோல்ட்டில் நான்கு மடங்கு அழுத்தம். 200 மைக்ரான் படலத்தை நீளம், அகலம் இரண்டிலும் இருமடங்காக இழுத்து அக்ரிலிக் சட்டத்தில் ஒட்டினால் 50 மைக்ரான்தான் மிஞ்சும்.

படலம் வார்க்க, திரவச் சிலிக்கோனின் இரண்டு பாகங்களையும் எடைபோட்டு மெதுவாகக் கலக்கி, குமிழி அடங்கும்வரை வெற்றிடத்தில் வையுங்கள். பால்போலப் பொங்கும், பெரிய பாத்திரமாக எடுங்கள். அப்புறம் கையுறை. பிளாட்டினம் வினையூக்கி உள்ள சிலிக்கோனை லேடெக்ஸில் இருக்கும் கந்தகம் இறுகவிடாது. ஒரு வாரம் பிசுபிசுத்த படலங்களோடு மல்லாடிய பிறகே நைட்ரைல் கையுறைக்கு மாறினேன்.

இன்னும் மென்மை வேண்டுமா? சிலிக்கோன் எண்ணெய் கொஞ்சம் சேர்க்கலாம். அளவு மீறினால் கசிந்து வெளியே வரும்.

மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் உயர் மின்னழுத்த மூலத்தையே பயன்படுத்துங்கள். அணைத்த பிறகும் படலம் மின்தேக்கிபோல மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும். இரு முனைகளையும் தரையோடு இணைத்து வடித்துவிட்டுத் தொடுங்கள்.