பகல் பத்து மணிக்குப் பக்கத்தில் யார்?

இணையவழிப் பள்ளியா, வகுப்பறையா, இரண்டும் கலந்ததா என்று கேட்கும் பெற்றோரிடம் நான் முதலில் பள்ளியைப் பற்றிப் பேசுவதில்லை. பகல் பத்து மணிக்குப் பிள்ளையின் பக்கத்தில் யார் இருப்பீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

2020-இல் பள்ளிகள் மூடியபோது என் மகனுக்குப் பதின்மூன்று வயது, மகளுக்கு எட்டு. பதிவான பாடங்களை நிறுத்தி நிறுத்தி, திரும்பப் போட்டுப் பார்த்து, மகன் கணக்கில் வகுப்பையே முந்திவிட்டான். மகளோ கேமராவைப் பார்த்துத் தலையாட்டியபடி மேசைக்கடியில் காகிதம் மடித்துக்கொண்டிருந்தாள். வகுத்தலில் மீதியை விட்டுவிடுகிறாள் என்பது மூன்று வாரம் கழித்தே எனக்குத் தெரிந்தது. நோட்டை எட்டிப் பார்க்கும் ஆசிரியர் அன்றே பிடித்திருப்பார்.

ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1951-இல் வானொலிவழிப் பள்ளி தொடங்கியது. தொலைதூரப் பண்ணைகளின் பிள்ளைகளுக்கு வானொலியில் பாடம் சிறிது நேரம்தான். மீதி நேரம் கூடவே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர் பெரும்பாலும் தாய். திரை வந்த பிறகும் சிறு பிள்ளைக்கு அந்த ஆள் தேவைப்படுகிறார். அதனால் ஏழு வயதுக்குக் கீழே என்றால் வகுப்பறைதான் என் தேர்வு. நீண்ட நோயில் இருக்கும் பிள்ளைக்கும், பள்ளியில் துன்புறுத்தப்படும் பிள்ளைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. வீடே அவர்களுக்கு மூச்சு விடும் இடமாகலாம்.

ஒரு வாரம் நோட்டும் பேனாவுமாகப் பிள்ளைக்குப் பின்னால் உட்காருங்கள். தானாக எத்தனை கேள்வி கேட்டது, கவனம் சிதறி நீங்கள் எத்தனை முறை கூப்பிட வேண்டியிருந்தது, புரியாத இடத்தில் என்ன செய்தது என்று குறியுங்கள். இடையில் உதவக் கை துறுதுறுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். புரியாத இடத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகிற பிள்ளைக்கு நேரில் ஆசிரியர் வேண்டும்.

கலப்பு முறை என்றால், பள்ளிக்குப் போகும் நாளில் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள். வீட்டில் காணொளியைப் பார்த்துவிட்டு வந்து, வகுப்பில் ஆசிரியர் முன்னிலையில் கணக்குப் போடுகிறார்கள் என்றால் தயங்காமல் சேர்க்கலாம். பார்த்த பாடத்தையே கரும்பலகையில் மறுபடி நடத்தினால் பிள்ளைக்கு இரட்டைச் சுமை.

இணையப் பள்ளியிடம் நேரலை எத்தனை நிமிடம், சந்தேகத்துக்கு எத்தனை மணி நேரத்தில் பதில், ஆய்வகப் பயிற்சி எங்கே என்று கேளுங்கள். சான்றிதழ் செல்லுமா என்பதை மட்டும் அவர்களிடம் கேட்காதீர்கள். நாளை சேர நினைக்கும் பள்ளியோ கல்லூரியோ அதை ஏற்குமா என்று அங்கேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இதை விட்டுவிட்டுப் பின்னால் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எந்த முறையானாலும் தினமும் பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாட விடுங்கள். கிட்டப்பார்வை வரும் வாய்ப்பை அது குறைக்கிறது.

மகளை வகுப்பறைக்கே அனுப்பினேன், மகன் கலப்பு முறையில் தொடர்ந்தான். நீங்களும் ஒரு பருவத்துக்கு மட்டும் முடிவெடுங்கள். பருவம் முடியும் வாரத்தில் அதே நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் பின்னால் உட்காருங்கள்.