டபுள் பேஸுக்குக் கம்பி தெரிவு: திருகோணமலைக் காற்றுக்கு எந்த இழுவை?

டபுள் பேஸின், அதாவது வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய வாத்தியத்தின், கம்பியெல்லாம் துருவேறி, மிகத் தாழ்ந்த சுருதியுள்ள ஈ (E) கம்பி நாதமில்லாமல் 'டப் டப்' என்று மட்டும் கேட்டால் புதிய செட் போடும் நேரம் வந்துவிட்டது. இங்கே கடையில் தொட்டுப் பார்த்து வாங்க வழியில்லை, வெளியிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டும். விலையும் அதிகம். அதனால் ஓர்டர் கொடுக்கும் முன் நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் தங்கும் சிறு கட்டை) பிரிட்ஜ் (மேற்பலகையில் நின்று கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டு) வரையுள்ள நீளத்தைத் தையல் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். 104 முதல் 106 செ.மீ. வரை இருந்தால் 3/4 அளவு செட். பெரும்பாலான பேஸ்கள் இதுதான்.

அடுத்தது இழுவை, அதாவது கம்பி இறுகி நிற்கும் விசை. தொடங்குகிறவர்கள் தடுமாறும் இடம் இது. டியூனிங் மெஷினைத் திருகி இழுவையைக் கூட்டிக் குறைக்கலாம்தானே என்று நினைப்பார்கள். திருகினால் சுருதியும் கூடவே போய்விடும். ஈ கம்பி ஏறக்குறைய 41 ஹேர்ட்ஸிலும் ஏ 55இலும் நின்றே ஆக வேண்டும். உயர்தரத்தில் சுரமானிப் பரிசோதனை செய்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்: நீளமும் மீடிறனும் மாறாதபோது, இழுவையைத் தீர்மானிப்பது கம்பியின் ஓரலகு நீளத்துக்கான திணிவு மட்டுமே. பாரமான கம்பி என்றால் கூடிய இழுவை. அதாவது, எந்தக் கம்பியை வாங்குகிறீர்களோ அதிலேயே இழுவை முடிவாகிவிடுகிறது.

நான்கு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை 100 கிலோவைத் தாண்டும். அதில் ஒரு பங்கு பிரிட்ஜ் வழியாக மேற்பலகையை அமுக்குகிறது. திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் பலகை காய்ந்து இறங்கும். மாரியில் ஈரம் குடித்து உப்பும். விலங்குப் பசையால் ஒட்டிய பழைய பேஸ்களில் ஈரமும் சூடும் சேர்ந்தால் பசை இளகி, ஓரம் விடத் தொடங்கும். அதன் மேல் கூடிய இழுவையை ஏற்றுவது பேஸுக்குச் செய்யும் கெடுதல். தடித்த கம்பி போட்டால் சத்தம் கூடும் என்பதும் எப்போதும் உண்மையல்ல. பலகை அழுத்தத்தில் இறுகி, சத்தம் அடைத்துப் போவதும் உண்டு.

என் தெரிவு: விரலால் வாசிப்பவர்களுக்குத் தோமஸ்டிக் நிறுவனத்தின் ஸ்பைரோகோர் கம்பி, அதிலும் 'வைஷ்' என்ற மென்மையான வகை. 'மிட்டல்' என்பது நடுத்தரம். விரல் பலப்பட்ட பிறகு யோசிக்கலாம். ஸ்பைரோகோர் வருடக்கணக்கில் உழைக்கும், ஆனால் தொடங்குகிறவரின் வில்லுக்கு இலகுவில் பணியாது. கோயர் குழுவோடு வில்லால் வாசிப்பவர்கள் ஹெலிகோர் ஓர்கெஸ்ட்ரல் அல்லது பிராஸ்ட்ரோ ஃப்ளெக்ஸோகோர் கம்பிகளின் பக்கம் போங்கள். விலங்குக் குடலால் செய்த கம்பியின் நாதம் எனக்கும் பிடிக்கும், ஆனால் இந்தக் கடற்கரை ஈரத்தில் அதன் சுருதி நிற்காது. வேண்டாம்.

பெட்டியில் 'சோலோ' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அது ஒரு முழுச் சுரம் மேலே கட்டுவதற்கான செட். சாதாரண சுருதிக்கு இறக்கினால் இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்து தொளதொளக்கும்.

இனிப் பூட்டுவது. ஒரு நேரத்தில் ஒரு கம்பியை மட்டும் கழற்றுங்கள். உள்ளே மேற்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற மரக்குச்சி ஒட்டப்பட்டதல்ல, அழுத்தத்தில்தான் நிற்கிறது. நான்கையும் ஒன்றாகக் கழற்றினால் அது விழும், பிரிட்ஜும் கூடவே விழும். தொடங்கும் முன் பிரிட்ஜின் கால்கள் நிற்கும் இடத்தைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். நட்டிலும் பிரிட்ஜிலும் உள்ள பள்ளங்களில் 2பி பென்சிலால் நன்றாகத் தேயுங்கள். கம்பி வழுக்கிப் போக அது போதும்.

சுருதி ஏற்ற ஏற்ற, பிரிட்ஜின் தலை விரற்பலகைப் பக்கம் சாயும். ஒவ்வொரு கம்பி முடிந்ததும் பக்கவாட்டில் நின்று பாருங்கள்: டெயில்பீஸ் (கம்பிகளின் கீழ்முனை மாட்டியிருக்கும் கட்டை) பக்க முகம் மேற்பலகைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் கம்பியைச் சற்றுத் தளர்த்தி, இரண்டு கையாலும் தலையைப் பிடித்து மெதுவாகப் பின்னே இழுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் பிரிட்ஜ் வளைந்து நிரந்தரமாகக் கோணிவிடும்.

பின்சேர்க்கை: நிலாவெளியிலிருந்து ஒருவர், மார்கழியில் கம்பிகள் உயர்ந்து விரல் நோகிறது என்று எழுதியிருந்தார். அது கம்பியின் குற்றமல்ல, மேற்பலகை உப்பியிருக்கிறது. பிரிட்ஜில் அட்ஜஸ்டர் சக்கரம் இருந்தால், கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு இரு பக்கமும் சமமாக இறக்குங்கள். விரற்பலகை முனையில் ஜி கம்பிக்கு 5–6 மி.மீ., ஈ கம்பிக்கு 8–9 மி.மீ. உயரம் விரலால் வாசிக்க வசதியாக இருக்கும். கச்சான் தொடங்கியதும் திரும்ப ஏற்ற வேண்டிவரும்.

இன்னொருவர், ஊரில் இல்லாத வாரங்களில் கம்பியை முழுதாகத் தளர்த்தலாமா என்று கேட்டார். கூடாது, போஸ்ட் விழும். ஒரு முழுச் சுரம் இறக்கினால் போதும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பிகளைத் துடைத்துவிடுங்கள், கடல் உப்பும் கை வியர்வையும்தான் இங்கே கம்பியைத் தின்பவை.