உறைக்குள் செத்துப்போன பேட்டரி

இராயபுரத்தில் எங்கள் வீட்டில் அன்றாட ஓட்டத்துக்கு ஒரு வேகமான சொகுசு செடானும், ஆசைக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் காரும் நிற்கின்றன. கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் எண்ணூர் பக்கச் சாலைகளில் தாழ்ந்த முகப்புள்ள வண்டியை இறக்க மனம் வராததால், இரண்டாவது கார் பத்து நாள்கூட உறைக்குள்ளேயே கிடக்கும். அப்படிக் கிடந்ததில் அதன் பேட்டரி மூன்று முறை செத்துப்போனது.

பேட்டரியோ முன்மூடிக்குள் இருக்கிறது. மூடியைத் திறக்கவும் மின்சாரம் வேண்டும்! கால்வைக்கும் இடத்திலுள்ள ஃபியூஸ் பெட்டியின் அவசர முனையில் வெளி பேட்டரி ஒன்றின் நேர்முனைக் கம்பியையும், கதவின் கொக்கி மாட்டும் இரும்பில் அதன் எதிர்முனைக் கம்பியையும் பிடித்தபோது, மூடி திறந்ததோடு அலாரமும் அலறித் தெருவையே எழுப்பிவிட்டது.

மல்டிமீட்டர் 11.4 வோல்ட் காட்டியது. முழுமையாக ஏறிய பேட்டரியில் 12.6 வோல்ட்டாவது இருக்க வேண்டும். அதைச் சார்ஜ் ஏற்றிய பின், வண்டியைப் பூட்டி, அதன் கணினிகள் உறங்குவதற்கு ஒரு மணி நேரம் காத்திருந்து அளந்தேன். நிற்கும் வண்டி பேட்டரியிலிருந்து இழுக்கும் மின்கசிவு 50 மில்லி ஆம்பியருக்குள் அடங்க வேண்டும்; 310 ஆக இருந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததில், துணைக்கருவிக் கடையில் பொருத்திய டேஷ் கேமராவின் இணைப்பு எப்போதும் மின்சாரம் ஓடும் ஃபியூஸில் செருகப்பட்டிருந்தது தெரிந்தது. சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் ஃபியூஸுக்கு அதை மாற்றினேன். கசிவு 28க்கு இறங்கியது. செடானிலும் அதே கடைதான் கேமரா பொருத்தியது. தினமும் ஓடியதால் அங்கே குட்டு வெளிப்படவில்லை.