மொத்தத்தை முதலில் சொல்லுங்கள், பிறகு எண்ணுங்கள்

அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைக்கு எண் பழக்கும்போது மொத்தத்தை முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகு எண்ணுங்கள். "மூன்று கரண்டி" என்று சொல்லுங்கள். ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தபடி "ஒன்று, இரண்டு, மூன்று" என எண்ணுங்கள். பிறகு மூன்றையும் சேர்த்துக் கையால் வளைத்துக் காட்டி, மறுபடியும் "மூன்று கரண்டி" என்று முடியுங்கள்.

பத்து வரை தடையில்லாமல் ஒப்பிக்கும் குழந்தைகூட, "எத்தனை?" என்று கேட்டால் பல நேரம் திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. பொருள்கள் கண்முன் இருக்கும்போதே மொத்தத்தைச் சொன்னால், அந்தச் சொல் அவற்றோடு ஒட்டிக்கொள்கிறது. அறிவுசார் குறைபாட்டுக்கு ஒரு காரணமான டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவி மரபணு நிலை உள்ள பல குழந்தைகளுக்குக் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பதே மனத்தில் எளிதாக நிற்கும்.

விரலால் தொட்டு எண்ணினால் போதாது, பொருளை நகர்த்த வேண்டும். எண்ணியது எது, எண்ணாதது எது என்ற குழப்பம் அதோடு தீரும். விலை கொடுத்து வாங்கும் எண் அட்டைகள் இதற்குத் தேவையே இல்லை. மடிக்க வேண்டிய துணியே போதும். புரிந்ததா என்று பார்க்க, "இரண்டு சாக்ஸ் கொடு" என்று கேளுங்கள். பேச்சு வராத குழந்தையும் கையால் பதில் சொல்லிவிடும்.

நான்குக்கு மேல் இந்த முறை அவ்வளவாக உதவாது, ஒரே பார்வையில் அத்தனையும் அடங்காது. ஒரு தட்டுக்கு ஒரு கரண்டி என்று இணைத்து வைக்கவே இன்னும் வராத குழந்தைக்கு, எண்களை விட்டுவிட்டு முதலில் அதையே பழக்குங்கள்.