மலை ஊர்ல வயித்தால போனா வீட்டுல உடனே என்ன செய்யணும்

நம்ம கோத்தகிரி, குன்னூர் பக்கம் மழை பிடிச்சா மேட்டுல இருக்கற சாணி, கக்கூஸ் கழிவு எல்லாம் ஊத்துத் தண்ணியில இறங்கிரும், அதைக் காய்ச்சாம குடிச்சாலோ கை கழுவாம சாப்பிட்டாலோ பேதிதான். சின்னக் குழந்தைங்கன்னா ரோட்டா மாதிரி வைரஸா இருக்கலாம், ரத்தமும் சளியுமா போனா ஷிகெல்லாங்கற பாக்டீரியா இல்ல அமீபாங்கற ஒட்டுண்ணிக் கிருமியா இருக்கலாம். எதுவா இருந்தாலும் உயிருக்கு ஆபத்து வர்றது முக்கியமா உடம்புல இருந்து போற தண்ணியாலயும் உப்பாலயும்தான்.

குளிர்ல தாகமே தெரியாது, அதான் இங்க பெரிய சிக்கல். பத்து தடவ போயிட்டு வந்தும் ஒரு டம்ளர் வரட்டீ குடிச்சுட்டு போர்வைக்குள்ள படுத்துக்கறாங்க, டீ குடிச்சா உடம்புல இருந்து போன உப்பு திரும்ப வராதுங்க. முதல் தடவ தண்ணியா போனப்பவே ஓஆர்எஸ் (தண்ணியில கரைச்சுக் குடிக்கற உப்பு-சர்க்கரைப் பொடி) ஆரம்பிச்சிருங்க.

பாக்கெட்டுல எவ்வளவு தண்ணின்னு போட்டிருக்கோ அவ்வளவுதான், 1 லிட்டர் பாக்கெட்டும் இருக்கு 200 மில்லி பாக்கெட்டும் இருக்கு, பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளர்ல கரைச்சுக் குடுத்தா உப்பு ஏறி குழந்தைக்கு ஆபத்தாயிரும். பாக்கெட் இல்லையா, காய்ச்சி ஆறின 1 லிட்டர் தண்ணியில தலை தட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஒவ்வொரு தடவ போனதுக்கும் 2 வயசுக்குள்ள 50-100 மில்லி, அதுக்கு மேல 100-200 மில்லி. வாந்தி எடுத்தா 10 நிமிஷம் விட்டு ஸ்பூன் ஸ்பூனா குடுங்க. கலக்கினது 24 மணி நேரம் தாண்டினா கொட்டிருங்க. ஊட்டி உயரத்துல தண்ணி 93 டிகிரி கிட்டயே கொதிச்சிரும், அதனால தளதளன்னு வந்தப்புறம் 3 நிமிஷம் விடணும்.

தாய்ப்பாலை நிறுத்தாதீங்க, கஞ்சி, இட்லி, வாழைப்பழம் குடுக்கலாம். பட்டினி போடறது ரொம்பத் தப்பு. 6 மாசத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஜிங்க் (துத்தநாகச் சத்து மருந்து) தினம் 20 மில்லிகிராம், 10-14 நாள், பேதி நின்னாலும் முழுசா குடுக்கணும். பேதிய நிறுத்தற லோபெரமைட் மாத்திரை குழந்தைக்கு வேண்டவே வேண்டாம், ரத்தமோ காய்ச்சலோ இருந்தா பெரியவங்களுக்கும் வேண்டாம். ஆன்டிபயாடிக் டாக்டர் சொன்னா மட்டும்தான்.

கண்ணு குழி விழுந்து, வாய் வறண்டு, அழுதா கண்ணீர் வராம, 6 மணி நேரமா ஒண்ணுக்குப் போகாம, தூங்கித் தூங்கி விழுந்தா, இல்ல ரத்தம் போனா, அரிசி கழுவின தண்ணி மாதிரி கொட்டினா, ராத்திரி மூடுபனி, காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, 108 கூப்பிடுங்க. வண்டியில போறப்பவும் முழிப்பா இருந்தா வழியெல்லாம் ஓஆர்எஸ் கொஞ்சம் கொஞ்சமா குடுத்துட்டே போங்க.